ஓனருக்கு ஏற்ற சட்டம் வேண்டி

பெறுநர்: வாடகை அதிகாரி அவர்கள், சென்னை.

பொருள்: வீட்டு ஓனரைச் சட்டத்துக்கு ஏற்ப மாற்ற முடியாததால், சட்டத்தை ஓனருக்கு ஏற்ப மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தை முழுக்கப் படித்தேன். நல்ல சட்டம். எங்கள் நங்கநல்லூர் நடைமுறையோடு ஒத்துப்போகச் சில திருத்தங்கள் மட்டும் தேவைப்படுகின்றன.

அட்வான்ஸ்: வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறீர்கள். அந்த ‘வேறு ஒப்பந்தம்’ எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு. அதில் பத்து மாதம் என்று எழுதியிருக்கும். மீதி வாக்கியத்தை அடித்துவிட்டால் மை மிச்சம்.

ரிப்பேர்: கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று அட்டவணையே போட்டிருக்கிறீர்கள். எங்கள் படுக்கையறைக் கூரையில் சிமென்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ஓனர் வந்து அண்ணாந்து பார்த்தார். “கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்திப் போடுங்க சார்” என்றார். போட்டோம். அந்தப் பக்கம், மாடி பாத்ரூம் தண்ணீர் இறங்கும் சுவர். “ஃபேனை நல்லா வைங்க, காஞ்சிடும்” என்றார். கட்டில் நகர்த்துதல், ஃபேன் போடுதல் ஆகிய இரண்டு பராமரிப்புப் பணிகளையும் அட்டவணையில் சேர்க்கவும். ஓனர் செய்யாவிட்டால் நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்ற பிரிவை அவரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பொண்ணுக்கு வரன் பார்க்கறோம். வீடு எங்களுக்கே தேவைப்படும்போல இருக்கு” என்றார்.

மின்சாரம்: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. எங்கள் சப் மீட்டருக்கு வந்து சேர்வதற்குள் அது யூனிட் ஒன்பது ரூபாய் ஆகிவிடுகிறது. வழிச்செலவு போலும்.

தண்ணீர்: அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்பது சட்டம். ஓனர் எதையும் துண்டிப்பதில்லை. மோட்டார் போட மறந்துவிடுகிறார். ஐந்தாம் தேதி தாண்டியும் வாடகை போகாத மாதங்களில்தான் அந்த மறதி வருகிறது. மறதிக்கு விலக்கு அளிக்கவும்.

பெயின்ட்: குடியிருக்கும்வரை அடிக்காத பெயின்டுக்கு, காலி செய்யும்போது அட்வான்ஸிலிருந்து ஒரு மாத வாடகை பிடிக்கிறார்கள். இதை மரபுரிமையாக அறிவிக்கலாம்.

கடைசியாக, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து எண் வாங்கச் சொல்கிறீர்கள். எங்கள் ஒப்பந்தம் ஒரு பத்திரத்தில், பதினோரு மாதக் கெடுவோடு, ஓனர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பதிவு என்று வாயெடுத்தாலே வரன் பேச்சு வந்துவிடுகிறது. ஆகவே தங்கள் பதிவேட்டின்படி இந்த வீட்டில் யாரும் குடியில்லை. ஒழுகினாலும் யார் தலையிலும் ஒழுகவில்லை. புகார்கள் குறைவாக வருகின்றன என்று தாங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இப்படிக்கு,
பதிவில் இல்லாத குடித்தனக்காரன்

பி.கு.: பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். தபால் பெட்டிச் சாவி ஓனரிடம் இருக்கிறது.