குப்பையில் கிடந்த குண்டுமணி

பாப் டிலன் ரசிகர் ஒருவரிடம், "அவர் பாட்டிலேயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது அதோடு போயிற்று. நாம் எதிர்பார்ப்பது ஒரு பாட்டின் பெயர். வருவது குறுக்கு விசாரணை. ஆல்பத்தில் வந்ததைச் சொல்கிறீர்களா, ஆல்பத்துக்காகப் பாடிவிட்டுக் கடைசி நேரத்தில் தூக்கிப் போட்டதைச் சொல்கிறீர்களா, மேடையில் பாடியதா, மேடை என்றால் எந்த ஊர், எந்த வருஷம், தொண்டை நன்றாக இருந்த அன்றா, கட்டியிருந்த அன்றா? கட்டியிருந்த அன்று பாடியதுதான் உசத்தி என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தத் தொண்டை என்றைக்கு நன்றாக இருந்தது என்று மட்டும் நான் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள்.

கூப்பிடுகிற இடம் பக்கத்து வீட்டு பேஸ்மென்ட். நாங்கள் குடியிருப்பது மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய ஓர் ஊரில். டிலன் இந்த மண்ணின் மைந்தர். 1941இல் துலூத்தில் பிறந்து, ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் வளர்ந்து, 1959இல் இங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்பைத் தவிர மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டு, 1961 ஜனவரியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். இந்த ஊர்க் குளிரில் ஆறு மாதம் இருந்து பார்த்தால், கிதாரை எடுத்துக்கொண்டு கிளம்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை; ஜனவரியில் நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்தாரே, அதுதான் ஆச்சரியம்.

கிளம்ப முடியாதவர்கள் பேஸ்மென்ட்டில் கூடுகிறார்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு பல் டாக்டர், ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார், நகராட்சியில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிற ஒருவர் ஆகியோர் நிரந்தர உறுப்பினர்கள். நான் இளையராஜாவில் ஊறி வளர்ந்தவன். தபால்காரர் வீட்டம்மா சுடும் பட்டை ரொட்டியின் வாசனை பிடித்து உள்ளே போனவன், வெளியே வரத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே உட்கார்ந்து நான் கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு. டிலன் எதைத் தன் ஆல்பத்தில் போட்டாரோ அது பாட்டு. எதைக் கழித்துப் போட்டாரோ அது காவியம். 'ப்ளைண்ட் வில்லி மெக்டெல்' என்று ஒரு பாட்டு. 1983இல் 'இன்ஃபிடெல்ஸ்' ஆல்பத்துக்காகப் பதிவு செய்து, பிறகு ஆல்பத்திலிருந்து நீக்கிவிட்டார். 1991இல்தான் அது முறையாக வெளிவந்தது. அதுவரை கள்ளப் பதிவாகக் கைமாறிக் கைமாறி, அவருடைய மிகச்சிறந்த பாட்டுகளில் ஒன்று என்று பேர் வாங்கிவிட்டது. அதையே அவர் ஒழுங்காக ஆல்பத்தில் சேர்த்திருந்தால்? "நல்ல பாட்டுதான்" என்று சொல்லிவிட்டு நம்மவர்கள் வேறு எதையாவது தேடிப் போயிருப்பார்கள். பாட்டு என்னவோ அசல் மாணிக்கம்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நேராகக் கையில் கொடுத்தால் இவர்களுக்கு ருசிக்காது. குண்டுமணி குப்பையில்தான் கிடக்க வேண்டும்.

குப்பை என்று நான் சும்மா சொல்லவில்லை. ஏ. ஜே. வெபர்மன் என்று ஒருவர். டிலன் பாட்டுகளை ஆராய்ந்து ஆராய்ந்து அர்த்தம் பிடிபடாமல், நேராக நியூயார்க் மெக்டூகல் தெருவில் இருந்த டிலன் வீட்டு வாசலுக்கே போய்க் குப்பைத் தொட்டியைக் கிளற ஆரம்பித்துவிட்டார். 1970ஐ ஒட்டிய சங்கதி இது. அதற்கு 'கார்பாலஜி' என்று சாஸ்திரப் பெயர் வேறு வைத்தார். டிலனுக்குச் சின்னக் குழந்தைகள் இருந்த காலம் அது. ஆகவே ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டியது பெரும்பாலும் கவித்துவம் இல்லாத பொருள்கள். 1971இல் டிலனே தெருவில் அவரைப் பிடித்து நாலு போடு போட்டார் என்கிறார்கள். எங்கள் பேஸ்மென்ட்டில் வெபர்மன் பெயரை எடுத்தால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். "அது எல்லை மீறல்" என்பார் வாத்தியார். பிறகு சற்றுப் பொறுத்து, "ஆனா கடிதம் எதுவும் கிடைச்சுதா?" என்பார்.

இவர்களுக்குள் ஓயாத சண்டை 'ப்ளட் ஆன் த ட்ராக்ஸ்' ஆல்பத்தைப் பற்றியது. டிலன் அதை 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பதிவு செய்து முடித்தார். அட்டை அச்சாகிவிட்டது. சோதனைத் தட்டும் வந்துவிட்டது. டிசம்பரில் குடும்பத்தைப் பார்க்க மினசோட்டா வந்தவர் தம்பியிடம் போட்டுக் காட்டினார். தம்பி உதட்டைப் பிதுக்கினார். அண்ணன், தம்பி பேச்சைக் கேட்டு, மினியாபொலிஸ் 'சவுண்ட் 80' ஸ்டூடியோவில் உள்ளூர் வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, வருஷம் முடிகிற சமயத்தில் 5 பாட்டுகளைத் திரும்பப் பாடினார். 1975 ஜனவரியில் ஆல்பம் வெளிவந்தது: பாதி நியூயார்க், பாதி எங்கள் ஊர்.

வேறு எந்த ஊர் ரசிகராக இருந்தாலும் இதை ஒரு தகவலாகத் தெரிந்துகொண்டு போய்விடலாம். மினியாபொலிஸில் அது முடியாது. லாரிக்காரர் உள்ளூர்க் கட்சி. அன்று கிதார் வாசித்தவர்களில் ஒருவர் ரயில்வேயில் பிரேக்மேனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். இன்னொருவர் கிதார் கடை வைத்திருந்தவர், டிலன் தேடிய பழைய மார்ட்டின் கிதாரைக் கொண்டுவந்து கொடுக்கப் போய், அப்படியே உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்தார். 'டேங்கில்ட் அப் இன் ப்ளூ' பாட்டைச் சற்று ஏற்றிப் பாடினால் எடுப்பாக இருக்கும் என்று சுருதியை உயர்த்தச் சொன்னவர் அந்த பிரேக்மேன்தான். "பாப் டிலனுக்கு யோசனை சொன்னவன் ரயில்ல வேலை பார்த்தவன். அவரும் கேட்டுக்கிட்டார்!" என்று சொல்லும்போது லாரிக்காரருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரியும். அவர்கள் பெயர் அட்டையில் வரவில்லையே என்ற கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அட்டை முன்பே அச்சாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். ஆல்பம் எத்தனையோ தடவை மறுபடி அச்சேறியது, பெயர் ஏறவில்லை. 2018இல் வந்த பெரிய தொகுப்பில்தான் ஒரு வழியாக ஏறியது. "நாப்பத்துமூணு வருஷம்!" என்பார் லாரிக்காரர். தனக்கு வர வேண்டிய பென்ஷன் பாக்கி போல அதைச் சொல்வார்.

பல் டாக்டர் நியூயார்க் கட்சி. இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் பல் பிடுங்கிக்கொண்டு நியூயார்க் கட்சியில் இருப்பது துரோகம் என்பது லாரிக்காரர் கருத்து. டாக்டருக்கு அந்தச் சோதனைத் தட்டின் பதிவுதான் வேதம். ஒரு சனிக்கிழமை அதைப் போட்டு, எல்லோரையும் ஸ்பீக்கர் பக்கம் குனியச் சொன்னார். குனிந்தோம். டிலன் மெல்லிய குரலில் ஏதோ மனம் நொந்து பாடிக்கொண்டிருந்தார்.

"கேட்டுதா?"

"நல்லாப் பாடறார்" என்றேன்.

"பாட்டை விடுங்க. டக், டக், டக். கேட்டுதா? அது அவர் சட்டை பட்டன்! கிதார் மேல உரசுது!"

கேட்டது. உண்மையாகவே பட்டன்தான். டிலன் போட்டிருந்த மேல்சட்டையின் பட்டன் கிதார்ப் பலகையில் மோதும் சத்தம் அந்தப் பதிவு முழுக்க இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஸ்டூடியோக்காரர் நிறுத்தி, சட்டையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருப்பார். டிலனிடம் யார் சொல்வது? டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பட்டனை ரசித்தார். "மினியாபொலிஸ் பதிவுல இந்தப் பட்டன் இருக்கா?" என்று லாரிக்காரரைப் பார்த்து ஒரு கேள்வி. லாரிக்காரரிடம் பதில் இல்லை. அன்றைய ஆட்டம் நியூயார்க்குக்கு.

இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது ரெக்கார்ட் கம்பெனிக்குத் தெரியாமல் இருக்குமா? 1969இலேயே வெறும் வெள்ளை உறையில் 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்று டிலனின் கள்ளத் தட்டு லாஸ் ஏஞ்சலிஸில் வெளிவந்து விற்றது. கம்பெனி யோசித்தது. கள்ளச் சரக்கை நாமே விற்றால் என்ன? 1991இல் 'பூட்லெக் சீரிஸ்' என்ற பெயரிலேயே கடையைத் திறந்தார்கள். சாக்குக் கட்டி விற்காத குறைதான். 2015இல் வந்த தொகுதியின் பெரிய பதிப்பில் 18 சிடி. 1965, 66 ஆகிய இரண்டு வருஷங்களில் ஸ்டூடியோவில் பாடியது, பாதியில் நின்றது, தொண்டையைக் கனைத்தது வரை அத்தனையும் உண்டு. மொத்தம் 5,000 பிரதி, ஒன்று கிட்டத்தட்ட 600 டாலர். வாத்தியார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். விலை அவர் வீட்டம்மாவுக்குத் தெரியாது. தபால்காரர் வீட்டு பேஸ்மென்ட்டில் அது குடியிருப்பதற்குக் காரணமும் அதுதான்.

அதில் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' மட்டும் 20 தடவை வருகிறது. 1965 ஜூன் 16ஆம் தேதி, இரண்டாம் நாள் பதிவில், நாலாவது தடவை பாட்டு அம்சமாக அமைந்துவிட்டது. நாம் கேட்பது அதைத்தான். அமைந்துவிட்டது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. மேற்கொண்டு 11 தடவை முயன்றிருக்கிறார்கள். அந்தப் பதினொன்றும் தேறவில்லை. வாத்தியார் அதை வரிசையாக எங்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்று நின்றபோதும், பரீட்சையில் பையன் எங்கே கோட்டை விட்டான் என்று சொல்வதைப் போல, "இங்கே டிரம்ஸ் முந்திடுச்சு" என்று காரணம் சொன்னார். பட்டை ரொட்டி தீர்ந்தது. பாட்டு தீரவில்லை.

மேடைக் கச்சேரிக்கு ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனார்கள். செல்போனை வாசலிலேயே பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். டிலன் தன் பாட்டைத் தட்டில் இருக்கிற மாதிரி மேடையில் பாடுவதில்லை; மெட்டு, தாளம், வேகம் எல்லாவற்றையும் மாற்றி, சில சமயம் வரிகளையும் மாற்றிப் பாடுவார். சென்னை டிசம்பர் கச்சேரியில், பாடகர் ஆலாபனையை ஆரம்பித்ததும் பின்வரிசை மாமா இது காம்போதியா, ஹரிகாம்போதியா என்று காதைத் தீட்டிக்கொள்வாரே, அதே கதைதான். அங்கே ராகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே பாட்டையே கண்டுபிடிக்க வேண்டும். தபால்காரர் கெட்டிக்காரர். நாற்பது வருஷம் கிறுக்கல் விலாசங்களைப் படித்த பழக்கமோ என்னவோ, இரண்டாவது வரிக்குள் பிடித்துவிடுவார். முன்வரிசையில் ஒரு அம்மாள், கச்சேரி முடிந்து எழுந்திருக்கும்போது, "கடைசி வரைக்கும் 'ப்ளோயிங் இன் த விண்ட்' பாடவே இல்லையே" என்று வீட்டுக்காரரிடம் குறைப்பட்டார். சற்று முன் பாடி முடித்தது அதுதான்.

பேஸ்மென்ட்டில் எனக்கும் ஒரு பதவி கிடைத்தது, 1967இன் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பத்தின் புண்ணியத்தில். அதன் அட்டையில் டிலனுக்கு இரு பக்கமும் வங்காளத்து பாவுல் பாடகர்கள் பூர்ண தாஸும் லக்ஷ்மண் தாஸும் நிற்கிறார்கள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்து, மரத்தின் உச்சியில் பீட்டில்ஸ் முகம் தெரிகிறதா என்று உலகமே தேடிய காலம் ஒன்று உண்டு. எங்கள் குழு அதையெல்லாம் தாண்டிவிட்டது. "நீங்க இந்தியர். இவங்க நிக்கறதுல ஏதாவது தத்துவ அர்த்தம் இருக்கா?" என்று வாத்தியார் கேட்டார். நான் கும்பகோணம். கும்பகோணத்துக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, கொஞ்ச நேரம் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "குளிருது போல" என்றேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை வாத்தியார் 'துறவும் குளிரும்' என்ற பொருளில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

தீர்ப்பை மாற்றிக்கொள்வதிலும் இந்தக் கூட்டத்துக்கு வெட்கம் கிடையாது. 1970இல் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' வந்தபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் க்ரேல் மார்கஸ் எழுதிய விமர்சனத்தின் முதல் வாக்கியத்தை வீட்டில் உரக்கப் படிக்க முடியாது. 2013இல் அதே காலகட்டத்தின் கழிவுகளைத் திரட்டி 'அனதர் செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்று வெளியிட்டார்கள். அதற்கு முன்னுரை எழுதியவர் சாட்சாத் அதே மார்கஸ். என்னைக் கேட்டால் அந்தக் கம்பெனியின் ஆகப்பெரிய நகைச்சுவை அதுதான்.

துல்சாவைப் பற்றி மட்டும் எங்கள் பேஸ்மென்ட்டில் பேசக் கூடாது. டிலன் தன் நோட்டுப் புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள் எல்லாவற்றையும் 2016இல் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிற துல்சாவுக்கு விற்றுவிட்டார். 2022இல் அங்கே டிலன் மையமும் திறந்தாயிற்று. வுடி கத்ரியின் காகிதங்கள் அந்த ஊரில் இருக்கின்றன, குருவுக்குப் பக்கத்தில் சிஷ்யன் என்று சமாதானம் சொல்கிறார்கள். "பிறந்த மாநிலத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையா?" என்று லாரிக்காரர் பொருமுவார். இந்த ஒரு விஷயத்தில் டாக்டரும் அவர் கட்சி.

இத்தனை நாளாக என் மனைவி இதில் எதிலும் தலையிட்டதில்லை. போன டிசம்பரில் தபால்காரர் ஏதோ வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சமையலறையில் டிலன் பாடிக்கொண்டிருந்தார். 2009இல் அவர் போட்ட கிறிஸ்துமஸ் ஆல்பம். அந்தக் கரகரத்த குரலில் மணியோசையும் பின்பாட்டுப் பெண்களுமாக ஒரே கும்மாளம். தீவிர ரசிகர்கள் பலர் இதை அலமாரியில் மற்ற தட்டுகளுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள்.

"இதையா கேக்கறீங்க?" என்றார் தபால்காரர், குரலைத் தாழ்த்தி.

"இவர் பாட்டுல இது ஒண்ணுதாங்க எனக்குப் பிடிச்சுது" என்றாள் மனைவி. "மனுஷன் சந்தோஷமாப் பாடறார் பாருங்க."

அவர் பதில் சொல்லாமல் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை பேஸ்மென்ட்டில் விஷயம் வெடித்தது. வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். தபால்காரர் மட்டும் தாடையைத் தடவியபடி, அந்த ஆல்பத்துக்காகப் பாடிவிட்டுச் சேர்க்காமல் விட்ட பாட்டு ஏதாவது இருக்குமா, அது யாரிடம் கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.