லைசென்ஸில் இருந்த பெயர்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் எங்கள் கடையைக் கருவேப்பிலைக் கடை என்பார்கள். முருங்கைக்காயும் வாழையிலையும் கூட உண்டு. தாத்தா முதலில் பஃபலோ ரோட்டு நடைபாதையில் சாக்கு விரித்து விற்றவர். 1968, 69இல் தீவு முழுக்கத் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தபோது அவருக்கும் லைசென்ஸ் கிடைத்தது. 1915இல் கட்டிய பழைய மார்க்கெட் போய், 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதுக் கட்டடம் வந்ததும் உள்ளே கடை கொடுத்தார்கள்.

தாத்தா தளர்ந்ததும், மூத்தவர் என்று பெரியப்பா பேருக்கு லைசென்ஸ் மாறியது. கடையில் நின்றது அப்பாவும் அம்மாவும். "பேர் என்னோடது, கடை உன்னோடதுடா" என்று வீரமாகாளியம்மன் சந்நிதியில் பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். அந்தக் காலத்தில் அது போதும். யாரும் எழுதி வாங்கவில்லை.

அம்மா விடியுமுன் கருவேப்பிலைக் கட்டைப் பிரித்து, பழுத்த இலைகளை உருவிப் போட்டுவிட்டு, பிடிப்பிடியாக ரப்பர் பேண்ட் மாட்டுவார். தராசையே தொடமாட்டார். எடை கைக்குத் தெரியும்.

அப்பா இறந்தபின் பெரியப்பா மகன் கடையைக் கேட்டார். அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து, வருடக்கணக்கில் தான் கட்டிய வாடகை ரசீதுகளை வக்கீல் முன் அடுக்கினார். எல்லாமே பெரியப்பா பேரில் இருந்தன. கட்டியவர் யார் என்று எந்த ரசீதிலும் இல்லை.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். இடம் அரசாங்கத்துடையது. லைசென்ஸ் என்பது அங்கே விற்க ஓர் ஆளுக்குத் தரும் அனுமதி. உயில் எழுதவோ பாகம் பிரிக்கவோ அது சொத்தல்ல. வழக்காட மிஞ்சியது தராசும் குளிர்பெட்டியும் அன்றைய சரக்கும்தான்.

லைசென்ஸ்காரரே கடையில் நின்று வியாபாரம் செய்ய வேண்டும் என்ற விதியை நான் மனதார ஆதரிக்கிறேன். கடையைக் கைமாற்றி விட்டு வீட்டிலிருந்தே காசு பார்ப்பவர்களைத் தடுக்க அது வேண்டும். என் ஆத்திரமெல்லாம் குடும்பத்தின் மேல்தான். பேர் போடும் நாளில் அம்மாவை யாரும் நினைக்கவில்லை. இன்று சிங்பாஸ் என்ற அரசாங்க அடையாளக் கணக்கில் நுழைந்து கைப்பேசியிலேயே லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வசதி அன்றிருந்தாலும் ஆண்பிள்ளை பேரைத்தான் தட்டியிருப்பார்கள்.

கடை இப்போது பெரியப்பா மகனான அந்த அண்ணன் பேரில். மாதாமாதம் தன் சித்தியான அம்மாவுக்கு ஒரு தொகை தருவதாக அவரே முன்வந்து சொன்னார். நல்ல மனிதர், தருவார். ஆனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டிருக்கிறேன். அம்மாவின் பேர் அந்தத் தாளிலாவது இருக்க வேண்டும்.