உம்முனு இருக்காளாம்!

வாலே மருமகனே, உக்காரு. திண்ணைக்கு வந்தா மொதல்ல மாமனுக்கு வெத்தலய இடிச்சுக் குடுக்கணும். பொண்டாட்டி மேல பிராது அதுக்கப்புறம். என்ன சொன்ன? ஒரு வருசமா உன்னப் பாத்து அவ சிரிக்கவே இல்லையா? 40 வருசமா உன்னக் கட்டி மேய்க்காளே, எப்பிடிலே சிரிப்பு வரும்?

சரி, மூஞ்சியத் தூக்காத. டாக்டரம்மா அவ சீக்கப் பத்தி விளக்கும்போது நீ செல்போன நோண்டிக்கிட்டு இருந்த. நாந்தான் காதத் தீட்டிக்கிட்டு இருந்தேன். நடுக்குவாதம்னா கை ஆடுறது மட்டுமில்லடே. மூளையில டோபமைன்னு ஒரு சரக்கு ஊறுமாம். அது ஊறுற எடம் கொஞ்சங் கொஞ்சமா பட்டுப்போகுது. அது வத்துனா மொகத்துச் சதையும் விறைச்சுக்கிடும், கண்ணு சிமிட்டுறது கொறைஞ்சிரும், குரலு உள்ள போயிரும். மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பா, மொகத்துக்கு வந்து சேராது. லண்டன்ல பார்க்கின்சன்னு ஒரு வைத்தியரு 1817லயே இதப் பத்திப் புத்தகம் போட்டுட்டாராம். 200 வருசம் தாண்டியும் சேதி உன் வீட்டுக்கு மட்டும் வரல பாரு!

அடுத்த பிராது என்ன? காலையில நீ தீப்பெட்டி ஆபீசுக்குக் கெளம்பும்போது வாசல மறிச்சுக்கிட்டு நிக்காளாக்கும்? அட கூறுகெட்டவனே. வெட்டவெளியில நடந்துருவாக, நிலைப்படியக் கண்டா கால் தரையோட ஒட்டிக்கிடும். இந்தச் சீக்கோட கொணம் அது. வந்தா மாட்டிக்கிடுவோம்னு தெரிஞ்சும் அவ எதுக்குலே வாசலுக்கு வாரா? உன்ன வழியனுப்பத்தாம்லே! கல்யாணமான புதுசுல தூணுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாப்பாளே, அப்ப மட்டும் பல்லக் காட்டிக்கிட்டுப் போன. இப்ப, "தள்ளு, பஸ்ஸு போயிரும்"ங்க. போகட்டும்லே, நீ போயி ஒட்டாட்டி தீப்பெட்டி ஒட்டாதா?

கையப் பிடிச்சு இழுத்துராத, கீழ விழுந்துருவா. சாக்பீஸால தரையில குறுக்க ஒரு கோடு போட்டுக் குடு, தாண்டி வந்துருவா. இல்லாட்டி பாட்டு ஒண்ணு பாடு, தாளத்துக்குக் கால் கெளம்பும். உன் குரலுக்குத் தெருநாயும் சேந்து கெளம்பும், பரவாயில்ல பாடு.

டாக்டரம்மா எழுதிக் குடுத்த மாத்திரைய நேரந்தவறாமக் குடுக்கியா? சாப்பாட்டுக்கு முன்னாலயே குடுத்துரணும்னு சொன்னாக. முட்டையும் பருப்புமா வயித்த நெறைச்ச கையோட குடுத்தா சரியா வேலை செய்யாதாம். பூனைக்காலி வெதையில இதே மருந்து இருக்குன்னு எவனோ சொன்னான்னு நீயா இடிச்சுக் கலக்கிராத. மருந்து ரெட்டிப்பாயிட்டா அது வேற வம்பு. உன் கணக்குப்பிள்ள மூளைய பேரேட்டோட வச்சுக்க.

சட்டைக்குப் பட்டன் போட்டுவிட வந்தாளாம், இவரு கையத் தட்டிவிட்டாராம், நேரமாச்சுன்னு! அவ சேலைக்கு ஊக்கு மாட்டவே அந்த வெரலு மல்லுக்கட்டுது. அந்த வெரல வச்சுக்கிட்டு உன் சட்டைக்கு வாரா. கழுத்துப் பட்டன் ஒண்ண மட்டுமாவது அவளுக்கு விட்டு வையி. கோணலா மாட்டுனாலும் அப்பிடியே போ. ஆபீசுல எவனும் கேட்டா, எம்பொண்டாட்டி போட்டதுன்னு சொல்லு, வயித்தெரிச்சல்ல சாவான்.

அந்தப் பலசரக்குச் சீட்ட எடு, பையிலதான் வச்சிருப்ப. கையெழுத்துப் புரியலன்னு கசக்கித்தான போட்டுருக்க? விரி. "துவரம்பருப்பு" எம்புட்டுப் பெருசா இருக்கு பாரு. "புளி" கொஞ்சம் சுருங்கிட்டு. "சீரகம்" எறும்பு. எழுத எழுத எழுத்து சின்னதாப் போறதும் அந்தச் சீக்குதான். இப்ப கடைசி வரிக்கு வா. எங்கண்ணாடியப் போட்டுக்க, உன்னது ஆகாது. என்ன போட்டுருக்கு? வாய விட்டுப் படிலே.

"காராச்சேவு. அவுகளுக்கு."

கை ஓஞ்சு, பேனா வழுக்குற நேரத்துல, பருப்பும் புளியும் முடிஞ்ச பெறகு, உனக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கா. நீ என்னடான்னா படிக்காம, கடைக்காரங்கிட்ட வாயாலயே நாலு சாமானச் சொல்லி வாங்கிட்டு வந்துருக்க. அவளுந் தேடிப் பாத்துருப்பா, கேட்டிருக்க மாட்டா.

எந்திரி. சாத்தூர் பஸ்ஸு இப்ப வந்துரும். அங்க போயி அரைக் கிலோ காராச்சேவு வாங்கியாந்து அவ கையில குடு. அவளே பிரிச்சு உனக்கு எடுத்து வைக்கட்டும், சிந்துனா சிந்தட்டும், பொறுக்கித் தின்னு. அப்பிடியே மாமனுக்குக் கால் கிலோ தனியாக் கட்டிக்க. பல்லில்லாத கெழவனுக்கு எதுக்குன்னு பாக்காத, வெத்தல ஒரல்லயே இடிச்சுத் தின்னுக்கிடுவேன்.