சாவி யாருகிட்ட கண்ணு?

ஏங்கண்ணு, ஊட்டியில ஊடு கட்டிப்போட்டு மெட்ராஸுல உக்காந்திருக்கியாமே? ஐப்பசியில பூட்டினா இனி மாசிக்குத்தான் வருவியாமே? வா வா, நல்லா வா. அதுக்குள்ள பனி வந்து ஊட்டையே தின்னுப்போடும்னு பயந்துட்டு, எவனோ கனடாக்காரன் சொன்னதையெல்லாம் எழுதி வெச்சிருக்கியாம். குழாய்ல காத்தடிச்சுத் தண்ணியை வெளியேத்தோணுமாம். கக்கூசுல உறையாத மருந்து ஊத்தோணுமாம். ஆளில்லாத ஊட்டுல ஹீட்டரை 13 டிகிரியில எரிய வுட்டுட்டு வரோணுமாம்.

அட சாமீ! அங்க மைனஸ் 30 வரைக்கும் போவுது. தண்ணி உறைஞ்சா நூத்துல ஒம்பது பங்கு வீங்கும். குழாய் வெடிக்கும், பனி உருகினா செவுத்துக்குள்ள ஆறு ஓடும். அவன் பண்றது அவனுக்கு ஞாயம். சைபரைத் தொட்டுட்டு எட்டு மணி வெயிலுக்கு எந்திரிச்சு ஓடற ஊட்டிப் பனிக்கு உனக்கெதுக்கு அந்த வேசம்? மெயின் வால்வை மூடிட்டு, வெளிய தொங்கற குழாயையும் மாடியில இருக்கற சோலார் தொட்டியையும் காலி பண்ணு. முடிஞ்சுது.

நம்மூர்ப் பனி எப்படி வருதுன்னாச்சும் தெரியுமா? மேகமில்லாம, காத்தில்லாம இருக்கற ராத்திரியில தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு வுட்டுரும். குளுந்த காத்துக்குக் கனம் சாஸ்தி. சரிவுல எறங்கிப் பள்ளத்துல போய்ப் படுத்துக்கும். அதான் விடியக்காலம் தலைக்குந்தா, காந்தலெல்லாம் வெள்ளையாக் கெடக்குது, மேட்டுல இருக்கறவன் வாசப்புல்லு பச்சையா இருக்குது. எடம் வாங்கறப்ப பள்ளமா மேடான்னு பாத்தியா? நீ வியூ பாத்தே. செரி, வுடு.

ரோசாச் செடிக்குன்னு சார்ஜ் போடற வெளிநாட்டுப் போர்வை வாங்கியிருக்கியாமே. பொட்டானிக்கல் கார்டன் பக்கம் ஒரு நடை போயிருந்தா காசு மிஞ்சியிருக்கும். பனிக்காலம் வந்தா அங்க அலங்காரச் செடிக மேல கோத்தகிரி மிலாறை வெட்டிக் கவுத்து மூடி வெப்பாங்க. பனி மிலாறு மேல உக்காரும், செடி அடியில பொழைச்சுக்கும். தேயிலைக்காரனும் அதைத்தான் பண்றான். மிலாறுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை கண்ணு.

ஆனா உன்ற ஊட்டுக்கு எமன் பனியில்ல, ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில நாலு பக்கமும் அடைச்சு வெச்ச ஊடு என்னாகும்? ஒரு புண்ணியவான் மாசியில வந்து பீரோவைத் தொறந்தான். தோல் பெல்ட்டுக்கும் பூட்சுக்கும் பச்சையா மீசை மொளைச்சிருந்துச்சு! கலியாணக் கோட்டு தொட்டாப் பிசுபிசுன்னுது. மெத்தையைத் தூக்கினா அடியில கறுப்புக் கறுப்பாப் பூசணம். அவன் ஊட்டுல ஈரத்தை அளக்கற மிசினு ஒண்ணு இருந்துச்சு. ஈரம் சாஸ்தின்னு கரெக்டாச் சொல்லிச்சாம். யாருகிட்டச் சொல்லிச்சு? செவுத்துகிட்ட.

மெத்தையைச் செவுத்தோட ஒட்டாம நிமித்தி வை. பீரோவை ஒரு சாண் முன்னால இழு, கதவை இறுக்கிச் சாத்தாதே. பிரிட்ஜை அணைச்சேன்னு பெருமையாச் சொன்னியே, உள்ள தொடைச்சியா? கதவு இடுக்குல துணியை மடிச்சு வெச்சியா? இல்லாட்டி மாசியில மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தொறக்கோணும்.

இன்னொண்ணு கேளு. குளிக்கற ரூம்புல தண்ணி போற குழாய் அடியில வளைஞ்சிருக்கும். அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கறதாலதான் சாக்கடை நாத்தம் மேல வரல. மாசக்கணக்குல பொழங்காம வுட்டா அது வத்திப்போகும். கெளம்பறப்ப ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, மேல ரெண்டு கரண்டி கடலெண்ணெய் வுடு. எண்ணெய் மெதந்துக்கிட்டு தண்ணியை வத்த வுடாது. தேங்காயெண்ணெய் வேண்டாம், இந்தக் குளுருக்குக் கட்டியாப் போயிரும். மிச்ச எண்ணெயைச் சமையக்கட்டுல வெச்சுட்டுப் போயிராதே. கோத்தகிரிப் பக்கம் கரடி கோயில் கதவையே ஒடைச்சு வெளக்குக்கு வெச்ச எண்ணெயைக் குடிச்சுட்டுப் போவுது. உன்ற பிளைவுட்டுக் கதவு அதுக்கு எம்மாத்திரம்?

நாலு மூலைக்கும் கேமரா வெச்சிருக்கேங்கறே. ஓட்டை நீக்கிக் கொரங்கு உள்ள எறங்கறதை மெட்ராஸுல இருந்தே பாத்தியாமே? பாத்து என்ன பண்ணினே? போன்ல ‘சூ’ன்னு வெரட்டினியாமே! கொரங்குக்குக் காது கேட்டுச்சா? அடுத்த நாள் காத்துல கற்பூர மரம் கம்பி மேல சாஞ்சு கரண்டு போச்சு, கேமராவும் கண்ணை மூடிக்கிச்சு. அந்த எலையெல்லாம் கூரைக் கால்வாயில அடைச்சு மழைத்தண்ணி ஊட்டுக்குள்ள வழிஞ்சதை எந்தக் கேமரா காட்டிச்சு?

கோயமுத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் துரை ஊட்டியில 1822-ல கட்ட ஆரம்பிச்ச கல் பங்களா இன்னைக்கும் காலேஜா நிக்குது. அதுக்கு எந்த ஆப்பு? காலையில கதவைத் தொறந்து பொழுதோட சாத்தறதுக்கு ஆளிருக்குது, அவ்வளவுதான்.

அது செரி, சாவி யாருகிட்டக் குடுத்திருக்கே? என்னது, பூட்டுக்குச் சாவியே கெடையாதா? போனைக் காட்டினாத் தொறக்குமா? பூட்டுக்குள்ள பேட்டரி தீந்து, டவரும் இல்லாத ராத்திரியில உன்ற ஊட்டு வாசல்ல நீயே திருடனாட்ட நிக்கறதைப் பாக்கோணும்னு எனக்கு ஆசைதான்.

அதைக் கழட்டிப்போட்டு ஒரு நல்ல பூட்டா மாட்டு. ஒரு சாவி என்ற கையில இருக்கட்டும். வாரத்துக்கு ரெண்டு நாள் வெயில் அடிக்கறப்ப சன்னலைத் தொறந்து வுடறேன், மழைக்கு முன்னால பேரனை ஏத்திக் கால்வாய் எலையைத் தள்ளச் சொல்றேன். கேமராக் கம்பெனிக்கு மாசாமாசம் குடுக்கறதுல பாதி குடு, போதும். பணத்தைப் போன்ல போட்டு வுடாதே. கையில குடு, எண்ணிப் பாக்கோணும்.