நெஞ்சுக்கறிக்கு நீதி

அஸ்தினாபுரம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. கறிக்கடைக் கேள்விகள் மட்டும் இன்னும் நகராட்சிக் காலத்திலேயே நிற்கின்றன. ஞாயிறு காலை வரிசையில் ஒருவர், "போன்லெஸ் அரைக் கிலோ, நெஞ்சு மட்டும்" என்றால் போதும், கடைக்காரர் கத்தியை நிறுத்திவிடுவார். "லெக் பீஸ் வேணாமா சார்?" பின்னால் நிற்பவர் கரிசனமாக விசாரிப்பார்: "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை. பையன் ஜிம்மில் சேர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். தோல் நீக்கி வேகவைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 31 கிராம் புரதம் என்று ஜிம் மாஸ்டர் சொன்னது அந்த வீட்டில் இப்போது வேதவாக்கு.

தமிழ்க் குடும்பங்களில் நெஞ்சுக்கறிக்கு என்றுமே மரியாதை இருந்ததில்லை. லெக் பீஸ் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும், ஈரல் கேட்டு அழுகிற குழந்தைக்கு. நெஞ்சுத் துண்டு குழம்புச் சட்டியிலேயே கடைசிவரை கிடந்து, சமைத்தவர் தட்டில் போய் விழும். "சக்கை" என்று பெயர் வேறு. குற்றம் கோழியுடையது அல்ல. அது நாள் முழுக்க நடக்கிறது. பறப்பதோ எப்போதாவது, பயந்தால். ஓயாமல் உழைக்கும் காலில் கொழுப்பும், வேக வேக இளகும் சவ்வும் சேர்கின்றன. நெஞ்சில் இரண்டும் குறைவு. பண்ணைக் கோழி நாற்பது நாளில் இரண்டு கிலோவை எட்டி, பல்லடத்து ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலைக்கு லாரி ஏறிவிடுகிறது. பறந்து பழக அதற்கு நேரம் ஏது?

வீட்டில் முதல் சண்டை குழாயடியில். பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள், தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் பரவும் என்று அமெரிக்க, பிரிட்டன் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் கெஞ்சுகின்றன. பாட்டியிடம் அதை யார் சொல்வது? மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் அலசாத கறி அவர் கணக்கில் கறியே இல்லை. கடைசியில் குழாயைத் திறந்துவிடாமல் பாத்திரத்துக்குள்ளேயே அலசுவது, பிறகு தொட்டியைச் சோப்பு போட்டுத் தேய்ப்பது என்று சமரசம் ஆனது. தேய்க்கும் வேலை பையனுக்கு.

இரண்டாவது சண்டை ஊறவைப்பதில். ராத்திரி முழுக்க ஊற வேண்டும் என்றது பையனின் செல்போன். ஞாயிறு சமையலுக்குச் சனிக்கிழமையே கோழி ஃப்ரிட்ஜுக்குள் வர வேண்டும். சனிக்கிழமை பெருமாளுக்கு உரியது. "தோசைமாவுக்குப் பக்கத்துல, அதுவும் சனிக்கிழமையில!" என்றார் பாட்டி. வாதம் அதோடு முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அறிவியல் இதில் பாட்டி கட்சி. மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் எத்தனை மணி நேரம் ஊறினாலும் மேலோடு நின்றுவிடும். ஆழமாக உள்ளே போய், சாற்றைப் பிடித்துவைப்பது உப்புதான். அரைக் கிலோவுக்கு ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மூன்று நான்கு மணி நேரம் போதும். எலுமிச்சையில் விடிய விடிய ஊறினால் மேல்புறம் மாவாகிவிடும். "பப்பாளிக்காய் அரைச்சுப் போடுங்க, பஞ்சு மாதிரி வரும்" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னது பாதி உண்மை. அதிலிருக்கும் பப்பைன் புரதத்தையே வெட்டும். அளவு மிஞ்சினால் காலையில் கையில் வருவது துவையல்.

கிரில் அடுப்பெல்லாம் கிடையாது. தோசைக்கல்லைத் தொடப் பாட்டியின் அனுமதியும் கிடையாது. பரணிலிருந்து பழைய இரும்புக்கல் ஒன்று இறங்கியது. அதற்கு இனி "கறிக்கல்" என்று பெயர். தடித்த நெஞ்சைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, மசாலாவை வழித்துத் துடைத்து, எண்ணெய் தடவி, சூடேறிய கல்லில் போட வேண்டும். ஈரம் வற்றினால்தான் சிவக்கும். 1912-ல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கிய வினை அது. பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்தால் இறக்கிவிடலாம். அதைப் பார்க்க வீட்டில் இருந்ததோ காய்ச்சல் தெர்மாமீட்டர். அது 42-க்கு மேல் ஏறாது.

"உள்ள வெந்திருக்காதுடா, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று மூடி போட்டார் பாட்டி. ஊறவைப்பதில் ஜெயித்தவர் இங்கேதான் கோட்டைவிட்டார். அந்த ஐந்து நிமிடத்தில் சாறு முழுவதும் கல்லில் இறங்கிப் பொசுங்கியது.

கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி சுற்றும் சாயங்காலக் கடைகளிலும் நெஞ்சுப் பகுதி வறட்சிதான். அங்கே அதை மறைக்க மயோனைஸ் இருந்தது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்ட பிறகு, முட்டையில்லாத வகை அந்தப் பொறுப்பை ஏற்றது.

பையன் துண்டுகளைத் தராசில் வைத்தான். அரைக் கிலோ, முந்நூற்றைம்பது ஆகியிருந்தது. "கடைக்காரன் எடை அடிச்சிட்டான்" என்றார் பாட்டி.

மிச்சத்தை ராத்திரி அவரே பிய்த்துப்போட்டு, வெங்காயமும் மிளகும் சேர்த்து நல்லெண்ணெயில் புரட்டினார். பையன் அதற்கு நான்கு பரோட்டா சாப்பிட்டான். ஜிம் மாஸ்டரிடம் புரதக் கணக்கை மட்டும் ஒப்பித்தான்.