லாரிக் கயிறும் மாமல்லபுரமும்

ஊருக்கு நடுவில், 65 மீட்டர் உயரத்துக்கு ஒரே கல்லாக நாமகிரி நின்றுகொண்டிருக்க, பாறை ஏறுவதற்கென்று 300 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவிலிருந்த மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகத் திட்டம் போட்டோம் என்றால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எண்பதுகளில், நாமக்கல் இன்னும் சேலம் மாவட்டத்துக்குள் ஒரு தாலுகாவாக இருந்தபோது வளர்ந்தவர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள். தினமும் பார்க்கிற பாறையில் என்ன வீரம் கிடக்கிறது? அதுவும் உச்சியிலிருக்கும் கோட்டைக்குப் போகப் பாறையிலேயே படி வெட்டி வைத்திருக்கும்போது!

குற்றம் எங்களுடையது மட்டுமல்ல, கல்கிக்கும் அதில் பங்குண்டு. வாராவாரம் பத்திரிகையில் வந்ததைக் கிழித்து யாரோ புண்ணியவான் பைண்டு செய்து வைத்திருந்த ‘சிவகாமியின் சபத’த்தைக் கை மாற்றி மாற்றிப் படித்ததில், பாறை என்றால் அதன் அடியில் கடல் அலை மோத வேண்டும் என்று ஆகிவிட்டிருந்தது. நம்மூர்ப் பாறையின் அடியில் கமலாலயக் குளம்தான். அந்தக் குளத்துப் படியில் உட்கார்ந்துதான் அத்தனை திட்டமும். மெட்ராஸில் வேலையிலிருந்த அண்ணன் ஒருவருக்கு 15 காசு கார்டு போட்டு, மகாபலிபுரத்துக்கு எங்கே பஸ் ஏற வேண்டும் என்று கேட்டு, பதில் வருகிற வரைக்கும் அந்தப் பதிலைப் பற்றியே பேசி, வந்த பதிலில் ‘பாரிமுனை’ என்று ஒரே வார்த்தை இருந்ததை ஆளாளுக்கு வாங்கிப் படித்து — இப்படியே ஒரு கோடை விடுமுறை கரைந்தது. அதைவிட நல்ல விடுமுறை எனக்கு வாய்க்கவில்லை.

ரயில் பிடிக்கச் சேலம் போக வேண்டும் (எங்களூருக்கு ரயில் வந்தது 2013-ல்!), திருவள்ளுவர் பஸ்ஸுக்குக் காசில்லை. மிச்சமிருந்தது நாமக்கல்காரர்களின் பிறப்புரிமையான லாரி. மெட்ராஸுக்கு லோடு போகும் மாமாவிடம் கேட்டதற்கு, “ஏண்டா, நம்மூர்க் கல்லு என்ன கரைஞ்சா போச்சு?” என்றார், என்றாலும் கேபினில் இடம் கொடுத்தார், தார்ப்பாய் கட்டும் கயிற்றில் ஒரு சுருளும் கொடுத்தார். யானையையே இறக்கலாம் என்ற மிடுக்கோடு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்ற எங்களுக்கு, மாமல்லபுரத்தில் அந்தக் கயிற்றை அவிழ்க்கவே வேலை வரவில்லை. வெண்ணெய் உருண்டை என்கிற பாறைக்குக் கீழே வழவழவென்று கிடந்த சரிவில் ஊர்ப் பொடியன்கள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்; நாங்களும் கால்சட்டை தேயச் சறுக்கினோம். ஏற வந்தவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தோம்.

சுமார் 250 டன் கனமாம் அந்த உருண்டை. 1908-ல் கவர்னர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவிட்டும் அது அசையவில்லை என்று அங்கே கதை சொல்வார்கள். சுற்றிலும் மற்றதெல்லாம்தான் அசைந்துவிட்டது. 1984-ல் ஊர் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அந்த உருண்டைக்கு முன்னால் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, சும்மா நின்று பார்க்கவும் கட்டணம். நாங்கள் இலவசமாகத் தேய்த்துவிட்டு வந்த கல்!

சென்னையிலிருக்கும் தங்கை மகள் இப்போது பாறை ஏறுகிறாள். பாறை என்றால், குளிரூட்டிய கட்டடத்துக்குள் சுவரில் திருகிய கலர் கலரான பிளாஸ்டிக் பிடிகள். மாதச் சந்தா உண்டு. வார இறுதிக்கு நிஜப் பாறை தேடிப் போகும் திட்டத்தை, டீ ஆறுவதற்குள் போனில் போட்டு முடித்துவிடுகிறாள் — வழி, வெயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம். காத்திருக்க ஒரு கார்டுகூட இல்லாத திட்டம் எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. ஆனால் எங்களைப் போல் இல்லாமல் அவள் உண்மையிலேயே ஏறுகிறாள், பத்திரமாக இறங்கவும் செய்கிறாள். ஆகையால் வாயை மூடிக்கொள்கிறேன்.

போன மாதம் தன் கயிற்றைக் காட்டினாள். அதற்கு ஆயுள் உண்டாம்; தொடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பத்து வருஷத்தில் கழித்துக் கட்டிவிட வேண்டுமாம். லாரிக் கயிற்றின் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, தொழில்காரியின் அக்கறையோடு கேட்டாள்.

“அது எத்தனை எம்.எம்.ங்க மாமா?”

“கிலோக் கணக்குல வாங்கினது, கண்ணு.”