கப்பு ஜெயிச்ச கிளப்பு எங்கடா தம்பி?

ஏன்டா தம்பி, கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆட்டமா? மான்செஸ்டர் யுனைடெட்டா? சரிதான். நீ பொறந்தது ஜெயங்கொண்டம். ஒன் தாத்தன் முந்திரிக்காட்டுல கொட்டை பொறுக்குனவன். ஒன் சட்டையில மட்டும் செகப்புப் பேய் ஒண்ணு சூலத்தோட நிக்கிது. ஒங்க அப்பாயி அதை உத்துப் பாத்துட்டு, "இது எந்த ஊரு கோயிலுடா?"ன்னு கேட்டுச்சாமே. கெழவி கேட்டதுல என்ன தப்பு?

அந்தக் கோயில்லயும் பூசை சரியில்லாமப் போச்சாம். 2024-25 பிரீமியர் லீக்குல 20 டீமுல 15-வது எடம். அதுக்கு நீ ராத்தூக்கம் கெட்டு, காலையில ஆத்தாகிட்ட வாங்கிக் கட்டிக்கிற.

திட்டுறேன்னு நெனைக்காத. தோக்குற டீமை வுடாமப் புடிச்சுத் தொங்குறவனை எனக்குப் புடிக்கும். ஜெயிக்கிற பக்கம் நிக்க எவனுக்குத்தான் தெரியாது? ஆனா ஒரு சந்தேகம். தோக்குறதை வேடிக்கை பாக்க எதுக்குக் கடல் தாண்டிப் போவணும்? தோக்குறதுக்கு இங்க ஆளே இல்லியா?

சென்னை சிட்டின்னு ஒரு கிளப்பு இருந்துச்சு. கேள்விப்பட்டிருக்கியா? முழிக்கிறியே. உக்காரு, சொல்றேன்.

பேருதான் சென்னை. ஆடுனது பெரும்பாலும் கோயம்புத்தூரு நேரு ஸ்டேடியத்துல. சரி, பேருல என்ன இருக்கு, வுடு. 2016-17ல ஐ-லீக்குங்கற இந்தியக் கால்பந்து லீக்குக்குள்ள வந்தாங்க. பத்து டீமுல எட்டாவது எடம். அடுத்த வருசமாவது முன்னேறுவாங்கன்னு பாத்தா, மறுபடியும் அதே பத்துல அதே எட்டு. வாடகை வீடு மாதிரி அந்த எடத்தைப் புடிச்சுகிட்டாங்க.

தேறாத டீமைப் பாக்கப் போறவன் ஒரு சீசனை எப்படிக் கழிப்பான் தெரியுமா? மொத ஆட்டத்துக்கு முன்னாடி, "இந்த வருசம் பாரு"ம்பான். மூணு ஆட்டம் தோத்ததும் கோச்சைத் திட்டுவான். அஞ்சாவதுல ரெஃப்ரியை. எட்டாவதுல மழையை. அதுக்கப்பறம் திட்ட ஆளு இல்லாம, பக்கத்துல உக்காந்து கடலை திங்கிறவனைத் திட்டுவான். கடைசி ரெண்டு ஆட்டம் இருக்கும்போது தாளும் பேனாவும் எடுப்பான். அந்த டீமு தோக்கணும், இந்த டீமு டிரா பண்ணணும், நாம நாலு கோல் வித்தியாசத்துல ஜெயிக்கணும்னு கோடு கோடா கிழிப்பான். பத்தாங்கிளாஸ்ல கணக்குல கோட்டை வுட்டவன்கூட அந்த வாரம் கணக்கு வாத்தியாராயிடுவான். இவ்வளவும் பண்ணிட்டு, அடுத்த வருசமும் மொத ஆளா போய் நிப்பான். அவந்தான்டா ஆளு.

இன்னொரு வயித்தெரிச்சலும் உண்டு. டீமுல ஒரு நல்ல புள்ள தேறுனா, மேல இருக்குறவன் கூட்டிகிட்டுப் போயிடுவான். மைக்கேல் சூசைராஜ்னு ஒருத்தரு. கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூருப் பக்கம் மீனவக் கிராமம். கடக்கரை மணல்ல பந்தடிச்சு வளந்த ஊரு அது. சென்னை சிட்டி எட்டாவது எடத்துல தடவிகிட்டுக் கெடந்த வருசத்துலயும் அவரு ஆட்டம் தனியா தெரிஞ்சுது. 2018-ல ஜாம்ஷெட்பூருக்குப் போயிட்டாப்புல. பாக்குறவனுக்குப் பெருமையும் வரும், எரிச்சலும் வரும்.

இப்பத்தான் கூத்தைக் கேளு. சூசைராஜ் போன அதே சீசன், 2018-19. சிங்கப்பூர்லேருந்து அக்பர் நவாஸ்னு ஒரு கோச்சு. ஸ்பெயின் நாட்டுக் கீழ் டிவிஷன்கள்ல ஆடிகிட்டு இருந்த நாலஞ்சு பேரைக் கூட்டியாந்தாங்க. ஒருத்தன் முகமும் போஸ்டர்ல வராத முகம். அதுல பெத்ரோ மான்சின்னு ஒருத்தன், வந்த சீசன்லயே 21 கோலு. கோயம்புத்தூர்க்காரங்களுக்குத் தலைகால் புரியல. கூடவே நம்மூருப் புள்ளைங்களும் ஆடுனாங்க, எட்வின் சிட்னி மாதிரி.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாபோட. ஜெயிச்சா கப்பு. சறுக்குனா கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலு தூக்கிட்டுப் போயிடும். அவங்க அதே நேரம் கோழிக்கோட்டுல ஆடிகிட்டு இருக்காங்க. மூணாவது நிமிசத்துல பஞ்சாபுக்காரன் ஒண்ணு போட்டுட்டான். அவ்வளவுதான், ஸ்டேடியமே எழவு வூடு ஆயிடுச்சு. பாதி ஆட்டம் தாண்டி மான்சி பெனால்டியில ஒண்ணைத் திருப்புனான். அப்பறம் கவுரவ் போரான்னு ஒருத்தன். அவன் வேலை கோலைத் தடுக்குறது. அன்னைக்கு என்ன தோணுச்சோ, முன்னாடி வந்து ரெண்டு கோல் போட்டுட்டான். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. எட்டாவது எடத்துக்காரன் இந்தியா சாம்பியன்.

நல்லா கைதட்டு. தட்டிட்டு ஒரு கேள்வி கேளு. ஜெயிச்சவனுக்கு என்ன கெடச்சுது?

மேல ஐ.எஸ்.எல்.னு ஒரு லீக்கு இருக்கு. 2014-ல ஆரம்பிச்சது. பாலிவுட்டு நடிகரு, கிரிக்கெட்டு கேப்டனு, வெளிநாட்டு உலகக்கோப்பைக்காரங்கன்னு ஒரே ஜிகினா. கீழ் லீக்குல ஜெயிச்சவன் மேல போவணும், மேல தோத்தவன் கீழ எறங்கணும். உலகத்துல பெரும்பாலும் அதான் வழக்கம். அப்ப இங்க அந்தக் கதவே கெடையாது. "வரும், வரும், கொஞ்ச வருசம் பொறுங்க"ன்னாங்க. நம்ம ஜெயங்கொண்டத்துக்காரனுக்கு இந்தப் பேச்சு புதுசா? 1990-கள்ல பழுப்பு நிலக்கரி எடுக்கப் போறோம், அனல்மின் நிலையம் வருதுன்னு நெலத்தை எடுத்தாங்களே. வந்துச்சா? காத்திருந்தவனுக்குத் தலை நரைச்சுதுதான் மிச்சம். கால்பந்துலயாவது கடைசியில கதவைத் தொறந்தாங்க. 2022-23ல ஐ-லீக் ஜெயிச்ச பஞ்சாபு கிளப்பு மேல போச்சு. ஆனா அன்னைக்கு உள்ள போறதுக்குச் சென்னை சிட்டி எங்க இருந்துச்சு?

அதான் கதை. கப்பு ஜெயிச்ச அதே 2019-ல சுவிட்சர்லாந்து பாசெல் கிளப்பு 26 சதவீதம் பங்கு வாங்குச்சு. பேப்பர்ல படம், கைகுலுக்கலு, பெரிய பெரிய பேச்சு. ஆசியக் கோப்பை ஒண்ணுல ஆட எடமும் கெடச்சுது. 2020 மார்ச்சுல மாலத்தீவு மஸியா டீமோட சொந்த மைதான ஆட்டம். எங்க ஆடுனாங்க சொல்லு? அகமதாபாத்துல! பேரு சென்னை, குடியிருப்பு கோவை, சொந்த மைதானம் குஜராத்து. ரேஷன் கார்டு எந்த ஊருல எழுதுவேன்னு கேட்டா என்ன பதில் சொல்லும் அந்தக் கிளப்பு? ஆட்டம் 2-2. அடுத்து கொரோனா வந்து அந்தப் போட்டியே ரத்து. 2020-21 ஐ-லீக் மொத்தமும் கொல்கத்தாப் பக்கம் ஆளில்லாம நடந்துச்சு. இவங்க கீழ்ப் பாதியில கெடந்தாங்க. அடுத்த சீசனுக்கு உரிம விதிகளைப் பூர்த்தி பண்ணலன்னு லீக்குல எடமே கெடைக்கல. கப்பைத் தூக்கி மூணு வருசம் முழுசா ஆவல.

யாரு குத்தம்னு பஞ்சாயத்து பண்ண நான் வரல. எனக்குத் தோணுறது வேற. அந்தக் கிளப்பு இல்லாமப் போனப்ப கோயம்புத்தூர்ல எத்தனை பேரு ரோட்டுக்கு வந்து, "எங்க டீமு எங்கடா?"ன்னு கேட்டாங்க? கப்பு வந்த அன்னைக்குக் கூட்டம் இருந்துச்சு, பாத்தோம். எட்டாவது எடத்துலேருந்தே உக்காந்து திட்டிகிட்டு இருந்த கூட்டம் எவ்வளவு? அந்தக் கூட்டம் ஊர்ல ஊறுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

ஊறிப் போன கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியணுமா? ஒன் இங்கிலாந்துக்கே போவோம், வா. பிளாக்பர்ன்னு ஒரு ஊரு. பஞ்சாலை ஊரு. 1875-லேருந்து கிளப்பு வெச்சிருக்காங்க. 1995-ல ஒன் மான்செஸ்டரையே பின்னுக்குத் தள்ளிப் பிரீமியர் லீக் ஜெயிச்சவங்க. 2010-ல அதை யாரு வாங்குனா தெரியுமா? வெங்கீஸ். ஆமாடா, கோழிக்கறி வெங்கீஸ்தான், புனேக்காரங்க. வாங்குன சூட்டோட அனுபவமுள்ள கோச்சை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆட்டக்காரங்களை உக்கார வெச்சுக் கோழிக்கால் கடிக்கச் சொல்லி விளம்பரம் எடுத்தாங்க. கூரையேறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டுனானாம்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். இவங்க கோழி புடிக்கிறதுல கில்லாடிங்கதான். வைகுண்டம்தான் தெரியல. 2012 மே 7, விகான் டீமோட ஆட்டம். தோத்தா மேல் லீக்குலேருந்து எறக்கம். அன்னைக்கு எவனோ ஒரு புண்ணியவான் உயிருள்ள கோழி ஒண்ணுக்கு கிளப்புக் கொடியைப் போத்தி, மைதானத்துக்குள்ள வுட்டுட்டான். வெள்ளைக்காரன் கோழி புடிக்க ஓடுன ஓட்டம் இருக்கே! டீமும் தோத்துச்சு, கீழயும் எறங்குச்சு. 2017-ல இன்னும் ஒரு படி எறங்கி மூணாவது டிவிஷன். மறு வருசம் ஒரு படி ஏறுனாங்க.

இத்தனைக்கும் அந்த ஊர்க்காரன் கிளப்பை வுட்டுட்டுப் போயிட்டானா? கோவிச்சுகிட்டுக் கொஞ்சம் பேரு போனாங்க, இல்லேங்கல. மிச்சம் பேரு மூணாவது டிவிஷன்லயும் வந்து உக்காந்து முதலாளியைத் திட்டுனாங்க. அப்பன் கூட்டியாந்தான், தாத்தன் கூட்டியாந்தான்னு வர்ற கூட்டம் அது. எந்தக் கோடீஸ்வரன் வந்தாலும் போனாலும் அது போவாது.

ஒனக்கு அப்பன் எதையும் காட்டல, சரி. இந்தப் பக்கம் கபடின்னா ஊரே கூடும், கால்பந்துக்கு யாரு வருவா? ஆனா நீ படிச்ச புள்ள. போன்ல என்னென்னமோ பாக்குற. எக்ஸ்ஜின்னு ஒரு கணக்காம். ஒரு டீமு எத்தனை கோல் போட்டிருக்கணுங்கறதைப் புள்ளி வெச்சுச் சொல்லுவாங்களாம். 1.7ன்னு காட்டுற. அந்த 0.7-ஐ எந்த வலையிலேருந்துடா எடுப்பே? இன்னொருத்தன் வர்றான், எங்க கிளப்புக்கு விஷன் இருக்கு, பிராஜெக்ட் இருக்குங்கறான். சம்பளத்தை மாசாமாசம் ஒழுங்கா குடு, புள்ளைங்க ஆட ஒரு மைதானத்தைப் புடி. இதுக்கு எதுக்கு வெள்ளைச் சட்டை போட்டவன் திரையில படம் போட்டுக் காட்டணும்?

மேல இருக்குறவங்க மட்டும் என்ன வாழுது? 2025 ஜூலையில, லீக்கை நடத்துற ஒப்பந்தம் முடியப் போவுதுன்னு ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வெச்சாங்க. ரெண்டு தடவை கப்பு வாங்குன சென்னையின் எஃப்.சி.யும் ஆகஸ்டுல கடையைச் சாத்தி வெச்சுது. ஆட்டமா அது, டெண்டரா?

"பெரியவரே, அப்ப நான் எந்த டீமைத்தான் பாக்குறது?"ன்னு கேக்க வாயெடுக்குற. கேளு, கேளு. இந்துமதி கதிரேசன்னு ஒரு பொண்ணு தெரியுமா? கடலூருக்காரி. கடலூரு என்ன, கப்பலேறிப் போற ஊரா? இந்தியாவுக்கு ஆடியிருக்கு, நம்ம தமிழ்நாடு போலீசுல எஸ்.ஐ.யாவும் இருந்திருக்கு. தமிழ்நாட்டுப் பொண்ணுங்க டீமு 2018-லயும் 2023-லயும் தேசியக் கப்பு வாங்குச்சு. மதுரையில சேது எஃப்.சி.ன்னு ஒரு கிளப்பு. பொண்ணுங்க கிளப்பு. 2019-ல, சென்னை சிட்டி கப்பு வாங்குன ரெண்டு மாசத்துல, லூதியானாவுல மணிப்பூர் போலீசை 3-1-னு அடிச்சு இந்திய மகளிர் லீக்கையே ஜெயிச்சாங்க. ஒரே வருசம், ஆம்பளை கப்பும் பொம்பளை கப்பும் தமிழ்நாட்டுல. அதுல ஒண்ணு காணாமப் போச்சு. இன்னொண்ணு ஜெயிச்சும் தோத்தும் இன்னும் ஆடிகிட்டு இருக்கு. ஒரு நடிகரும் வாங்கல, ஒரு கோழிக்காரனும் வாங்கல.

இதெல்லாம் ஒனக்குத் தெரியாது. மான்செஸ்டர்ல பெஞ்சுல உக்காந்திருக்கிற மாத்து ஆட்டக்காரன் காலு எந்த வாரம் சுளுக்குச்சுன்னு தெரியும்.

அந்தப் போனை எடு. சேது பொண்ணுங்க அடுத்து எந்த ஊர்ல ஆடுறாங்கன்னு பாரு. ராத்திரி முழிக்க வேணாம், ஆட்டம் பகல்லதான் இருக்கும். மெட்ராஸோ மதுரையோ, எங்க இருந்தாலும் போறதுக்கு பஸ்ஸு காசு நான் தர்றேன். திரும்பி வர்றதுக்கு நீ அந்தப் பேய்ச் சட்டையை வித்துக்க.